ரவுடிகளைத் தனி ஆளாகத் தீர்த்துக்கட்டும் ஹீரோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடும்பத்தைப் பறிகொடுத்த சாதாரண மனிதன், கோர்ட்டில் சிரித்துக்கொண்டே விடுதலையாகும் தாதா, அப்புறம் இரவில் தனியாகக் கிளம்பும் ஹீரோ. தமிழ் சினிமா இந்தக் கதையைச் சலிக்காமல் எடுக்கிறது, நாமும் சலிக்காமல் பார்க்கிறோம். நான் சென்னையில் குற்ற வழக்குகள் நடத்தும் வக்கீல், இந்த வகைப் படங்களுக்கு ரசிகனும்கூட. அதனால் சாலிகிராமத்தில் கதை விவாதத்தில் உட்கார்ந்திருக்கும் உதவி இயக்குநர்கள், படம் பார்த்துவிட்டு வரும் ஜூனியர்கள், சில நேரம் கட்சிக்காரர்கள் என்று பலரும் என்னைப் பிடித்துக் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பிரிவு எண்கள் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டங்களின்படி உள்ளவை.

இந்தக் கதை நம் ஊருக்கு எப்படி வந்தது?

நல்லவன் ஆயுதம் எடுக்கும் கதை நமக்குப் புதிதல்ல. மதுரையை எரித்த கண்ணகியிலிருந்தே தொடங்கலாம். ஆனால் நகரம், இரவு, துப்பாக்கி, கையாலாகாத போலீஸ் என்ற இன்றைய அச்சுக்கு மூலம் 1974இல் வந்த 'டெத் விஷ்' என்ற அமெரிக்கப் படம். சார்லஸ் பிரான்சன் நடித்தது. பிரையன் கார்ஃபீல்டு 1972இல் எழுதிய நாவலில் ஹீரோ கணக்கர், படத்தில் கட்டடக் கலைஞர். நியூயார்க்கில் மனைவி கொல்லப்பட, மகள் நிலைகுலைந்து போக, அவர் இரவில் வெளியே போய் வழிப்பறிக்காரர்களைச் சுடத் தொடங்குகிறார். இந்தியில் இதன் சாயலில் 1984இல் 'ஆஜ் கி ஆவாஸ்' வந்தது. அதைத் தமிழில் எஸ்.ஏ. சந்திரசேகரன் 1985இல் 'நான் சிகப்பு மனிதன்' என்று எடுத்தார். ரஜினிகாந்த் கல்லூரிப் பேராசிரியர், பாக்யராஜ் அவரைத் தேடும் துப்பறிவாளர்.

கவனிக்க வேண்டிய வித்தியாசம் ஒன்று உண்டு. அமெரிக்கப் படத்தில் ஹீரோ தன் குடும்பத்தைச் சிதைத்தவர்களைக் கடைசிவரை கண்டுபிடிப்பதே இல்லை. யார் யாரையோ சுடுகிறார். போலீஸும் அவரைக் கைது செய்யாமல் ஊரைவிட்டுப் போகச் சொல்லி அனுப்பிவிடுகிறது. இந்த முடிவைத் தமிழ் ரசிகன் ஏற்கமாட்டான். தங்கையைத் தொட்டவனே சாக வேண்டும், அதுவும் ஏன் சாகிறான் என்று தெரிந்து சாக வேண்டும். அதனால்தான் நம் படங்களில் கிளைமாக்ஸுக்கு முன் ஒரு நீண்ட வசனம். நாவலாசிரியர் கார்ஃபீல்டுக்குப் படம் பிடிக்கவில்லை. தனி ஆள் தண்டிப்பதை அது கொண்டாடிவிட்டது என்பது அவர் வருத்தம். அதற்குப் பதில் சொல்வது போல 1975இல் இன்னொரு நாவல் எழுதினார். அதைப் படித்தவர்கள் குறைவு.

ஹீரோ தற்காப்புக்காகக் கொன்றார் என்று வாதாட முடியாதா?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். தற்காப்பு உரிமை சட்டத்தில் தாராளமாகவே இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.) 34 முதல் 44 வரை பத்துப் பிரிவுகளுக்கு மேல் அதற்காகவே உண்டு. உயிருக்கோ, கொடுங்காயத்துக்கோ, பாலியல் வன்கொடுமைக்கோ, ஆசிட் வீச்சுக்கோ ஆளாகப் போகிறோம் என்ற நியாயமான அச்சம் இருந்தால், தாக்குபவனைக் கொல்லும் அளவுக்குக்கூட அந்த உரிமை நீளும். மற்றவரைக் காப்பாற்றவும் அதே உரிமை.

மூன்று இடத்தில் சினிமா ஹீரோ மாட்டுவார். முதலாவது நேரம். ஆபத்து இருக்கும் வரைதான் உரிமை இருக்கும். கத்தியோடு பாய்ந்தவனை அந்த நொடியில் அடித்து வீழ்த்தலாம். அவன் கத்தியைப் போட்டுவிட்டுப் பின்னி மில் சுவர் ஏறிக் குதித்து ஓடினால், துரத்திப் போய் வெட்டுவது கொலை. இரண்டாவது, போலீஸை நாட அவகாசம் இருந்தால் இந்த உரிமையே கிடையாது. இடைவேளைக்கு அப்புறம் ஹீரோ சுவரில் போட்டோ ஒட்டி, நூல் கட்டி, ஒவ்வொருவனாகச் சிவப்பு மையில் அடிக்கிறாரே, அரசு வக்கீலுக்கு அதைவிட நல்ல சாட்சியம் கிடைக்காது. நிதானமாகத் திட்டமிட்டதற்கு ஆதாரம் ஹீரோவின் சொந்தச் சுவரிலேயே இருக்கிறது. மூன்றாவது அளவு. தேவைக்கு மேல் அடிக்கக்கூடாது. நல்லெண்ணத்தோடு தற்காத்துக்கொள்ளும்போது எல்லை மீறிவிட்டால் அது கொலையாகாத மரணமாகக் குறையலாம், 105ஆம் பிரிவில் வரும். ஆனால் கிடங்கில் காத்திருந்து, விளக்கை அணைத்து, பதினேழு பேரை வரிசையாக வீழ்த்துபவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது.

திட்டமே இல்லாமல், ஆத்திரத்தில் அன்றைக்கே போய்க் கொன்றால்?

திடீர்க் கடும் ஆத்திரமூட்டல் என்று ஒரு விதிவிலக்கு உண்டு. 'திடீர்' என்பதற்கு எவ்வளவு நேரம் என்பதுதான் சண்டை. கடற்படை அதிகாரி நானாவதி வழக்கு இதற்குப் பாடமாக நடத்தப்படுவது. 1959இல் பம்பாயில், மனைவி தன் வேறு உறவைச் சொன்னதும் அவர் மனைவி மக்களைச் சினிமா தியேட்டரில் இறக்கிவிட்டார், கப்பலுக்குப் போய் ரிவால்வர் வாங்கினார், அந்த ஆளின் வீட்டுக்குப் போனார். சுட்டபோது ஏறக்குறைய மூன்று மணி நேரம் கடந்திருந்தது. ஜூரி விடுவித்தது. உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல் கொலை என்றது, உச்ச நீதிமன்றம் 1961இல் அதை உறுதி செய்தது. கோபம் தணிய அந்த நேரம் போதும் என்பது தீர்ப்பின் சாரம்.

நம் ஹீரோக்கள் மூன்று மணி நேரத்தில் கிளம்புவதில்லை. சிலர் பத்து வருஷம் கழித்து வேறு பெயரில் வருகிறார்கள்.

கடைசியில் சரணடைகிறாரே, பதினாலு வருஷத்தில் வெளியே வந்துவிடுவார்தானே?

இல்லை. ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முழுக்க. 14 என்ற எண் எங்கிருந்து வந்தது என்றால், கொலை போன்ற குற்றங்களில் ஆயுள் கைதியைக் குற்ற நடைமுறைச் சட்டப்படி அரசு முன்கூட்டி விடுவிக்க வேண்டுமானால் குறைந்தது 14 வருஷம் உள்ளே இருந்திருக்க வேண்டும். அது விடுதலையைக் கேட்கத் தொடங்கும் வாசல் மட்டும்தான். அண்ணா பிறந்தநாளை ஒட்டி நம் மாநிலத்தில் கைதிகளை விடுவிப்பது அரசியலமைப்புச் சட்டத்தின் 161ஆம் பிரிவில் ஆளுநருக்கு உள்ள தனி அதிகாரத்தின் கீழ், அதற்கு இந்த 14 வருஷக் கணக்கு கட்டாயமில்லை. எல்லாக் குற்றங்களுக்கும் அது பொருந்தாது, வரிசையாகப் பட்டியலிட்டு ஒதுக்கி வைத்திருப்பார்கள். தொடர் கொலை செய்த ஹீரோவின் கோப்பு விடுதலையைப் பரிசீலிக்கும் குழுவின் மேஜையில் எப்படி நகரும் என்று யோசித்துப் பாருங்கள். அதை யாராவது படமாக எடுத்தால் முதல் நாளே பார்ப்பேன்.

செய்யாத கொலைக்குத் தண்டனை அனுபவித்தவன், வெளியே வந்து அதே ஆளை நிஜமாகவே கொன்றால் தண்டிக்க முடியாதாமே?

முடியும். ஒரே குற்றத்துக்கு ஒருவரை இரண்டு முறை தண்டிக்கக்கூடாது என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 20(2) சொல்வது உண்மை. ஆனால் முன்பு நடந்ததாகச் சொன்ன கொலையும் இப்போது நடந்த கொலையும் வேறு வேறு தேதி, வேறு வேறு இடம், வேறு வேறு செயல். பழைய தீர்ப்பு தவறு என்று மேல்முறையீடு செய்யலாம், இழப்பீடு கேட்கலாம். அட்வான்ஸாகக் கட்டிய பணம் போல ஜெயில் காலத்தைக் கழித்துக்கொள்ள முடியாது. கதைக்குப் பிரமாதமான முடிச்சு, அதில் சந்தேகமில்லை.

கொல்லாமல், பிடித்துக் கட்டி ஸ்டேஷன் வாசலில் போட்டுவிட்டுப் போனால்?

இதற்கு இடமுண்டு. ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றத்தை உங்கள் கண் முன்னால் ஒருவர் செய்தால், நீங்களே அவரைப் பிடிக்கலாம். தேடப்படும் அறிவிக்கப்பட்ட குற்றவாளியையும் பிடிக்கலாம். புதிய நடைமுறைச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, ஆறு மணி நேரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும் என்று கெடுவும் வைத்திருக்கிறது. செயின் பறித்தவனை மடக்கிப் பிடித்த பொதுமக்கள் என்று செய்தி வருமே, அதற்கு அடிப்படை இதுதான். ஆனால் கம்பத்தில் கட்டி ஊரே அடிப்பதற்கு அனுமதி கிடையாது. அப்படி அடித்து ஆள் செத்தால், செயினை இழந்தவர் சாட்சியாகவும் அடித்தவர்கள் குற்றம் சாட்டப்பட்டவர்களாகவும் ஒரே கோர்ட் வராந்தாவில் நிற்பார்கள்.

ஹெச்.எஸ்., ஏ பிளஸ் ரவுடி என்றெல்லாம் சொல்கிறார்களே, அது என்ன?

ஹெச்.எஸ். என்பது சரித்திரப் பதிவேடு. திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர் பெயரில் ஸ்டேஷனில் தனியாக ஒரு கோப்பு திறந்து, அவர் போக்குவரத்து, கூட்டாளிகள், வழக்குகள் எல்லாம் எழுதி வைப்பார்கள். ஏ பிளஸ், ஏ, பி, சி என்று தரம் பிரிப்பது கண்காணிப்பின் அளவுக்காக. அது தீர்ப்பு அல்ல. பதிவேட்டில் பெயர் இருப்பதாலேயே ஒருவர் குற்றவாளி என்று நிரூபணமாகிவிடாது. படங்களில் தாதாக்கள் இதைப் பட்டம் மாதிரி சொல்லிக்கொள்கிறார்கள். நிஜத்தில் பலர் இந்தப் பெயரை நீக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் மனுப் போடுகிறார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் விசாரித்துவிடுகிறார்கள் என்பது அவர்கள் கவலை.

குண்டாஸில் போட்டால் வெளியே வரவே முடியாதா?

படங்களில் 'குண்டாஸ்ல தூக்கிடுவேன்' என்று மிரட்டல் வசனம் வரும். நிஜத்தில் அது 1982இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டம். தண்டனைக்காக இல்லாமல், இனி குற்றம் செய்துவிடாமல் தடுக்க முன்கூட்டி அடைத்து வைப்பது. சென்னையில் போலீஸ் கமிஷனர் உத்தரவு போடுவார். காரணங்களை 5 நாளுக்குள் கொடுக்க வேண்டும், 12 நாளுக்குள் மாநில அரசு ஒப்புதல் தர வேண்டும், அப்புறம் ஆலோசனைக் குழு பார்க்கும். அந்தக் குழு முன்னால் வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை கிடையாது, கைதியே பேச வேண்டும். அதிகபட்சம் 12 மாதம்.

வெளியே வரும் வழி ஆட்கொணர்வு மனு, அதாவது அடைத்து வைத்தது சட்டப்படி சரியா என்று பார்க்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் போடும் மனு. வழக்கு எப்படி உடையும் என்றால், சினிமா மாதிரி வாதத்தில் உடையாது. கொடுத்த நகலில் ஒரு பக்கம் படிக்க முடியாமல் மங்கலாக இருக்கும், தெரிந்த மொழியில் மொழிபெயர்ப்பு இருக்காது, கைதியின் மனுவைப் பரிசீலிக்கத் தாமதம் ஆகியிருக்கும். ஒருவரை விசாரணையின்றி அடைக்கும் சட்டம் என்பதால் நடைமுறையில் சின்னத் தவறு இருந்தாலும் நீதிமன்றம் ரத்து செய்யும். 'டெக்னிக்கலா வெளிய வந்துட்டான்' என்று வில்லன் பற்றிச் சொல்லும்போது கோபப்படும் நாம், நம் வீட்டுப் பையன் மாட்டினால் அந்த மங்கலான பக்கத்தைத்தான் முதலில் தேடுவோம்.

ஒரு வேடிக்கை. கள்ளச்சாராயம், போதைப்பொருள், ரவுடியிசம், குடிசை நில அபகரிப்பு என்று தொடங்கிய அந்தச் சட்டத்தில் 2004இல் திருட்டு வீடியோக்காரர்களையும் சேர்த்தார்கள். தாதா படத்தின் திருட்டு விசிடியை பர்மா பஜாரில் விற்றவரும், படத்தில் வரும் தாதாவும், தாளில் ஒரே சட்டத்துக்குள்.

என்கவுன்ட்டர் சட்டப்படி செல்லுமா? மக்கள் கைதட்டுகிறார்களே?

'என்கவுன்ட்டர்' என்று எந்தச் சட்டத்திலும் ஒரு அதிகாரம் இல்லை. போலீஸுக்கும் உங்களுக்கும் இருக்கும் அதே தற்காப்பு உரிமைதான். கைது செய்யும்போது எதிர்த்தால் தேவையான பலத்தைப் பயன்படுத்தலாம், அவ்வளவுதான். 2014இல் உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகள் வகுத்தது. போலீஸ் சுட்டு ஒருவர் இறந்தால் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், சி.ஐ.டி. அல்லது வேறு ஸ்டேஷன் குழு விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை நடக்க வேண்டும், சம்பவம் முடிந்த கையோடு பதவி உயர்வோ வீரப் பதக்கமோ தரக்கூடாது. நம் படங்களில் அடுத்த ஷாட்டிலேயே மாலை போடுகிறார்கள்.

கைதட்டலைப் பற்றி: 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் வங்கிக் கொள்ளையில் சந்தேகிக்கப்பட்ட 5 பேர் ஒரு வீட்டுக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 'சந்தேகிக்கப்பட்ட' என்பதற்கு மேல் அவர்கள் விஷயத்தில் எந்தக் கோர்ட்டும் எதையும் சொல்ல வாய்ப்பில்லாமல் போனது. இப்போது சின்ன அளவில் இன்னொன்று பிரபலம், மாவுக்கட்டு. பிடிபட்டவர் கழிவறையில் வழுக்கி விழுந்தார் என்று கையில் மாவுக்கட்டோடு படம் வரும், கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டும். தியேட்டரில் ஹீரோவுக்கு விசில் அடிக்கும் அதே கைகள்தான் இதையும் பகிர்கின்றன. ஸ்டேஷன் கழிவறைத் தரை சரியில்லை என்று யாரும் பொதுப்பணித் துறைக்கு மனுப் போட்டதாகத் தெரியவில்லை.

போலீஸ், கோர்ட் காட்சிகளில் வழக்கமாக வரும் தவறுகள் எவை?

சென்னைக்குள் எஸ்.பி., டி.எஸ்.பி. என்று ஸ்டேஷன் சரகத்தில் ஆள் இருக்கமாட்டார்கள். துணை கமிஷனர், உதவி கமிஷனர்தான். கமிஷனர் அலுவலகம் இப்போது வேப்பேரியில். எழும்பூரில் இருந்த பழைய சிவப்புக் கட்டடம் 2021 முதல் போலீஸ் அருங்காட்சியகம். தாம்பரம், ஆவடி இரண்டும் 2022இல் தனித்தனி கமிஷனரேட் ஆகிவிட்டன, அதனால் தாம்பரத்து தாதாவை வேப்பேரியிலிருந்து மிரட்டுவது எல்லை தாண்டிய வேலை. சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரே இருந்த ஜெயில் போய்விட்டது, கைதிகள் 2006 முதல் புழலில். நீதிபதி சுத்தியல் தட்டமாட்டார், அப்படி ஒன்று மேஜையிலேயே கிடையாது. பகவத் கீதையில் கை வைத்துச் சத்தியம் செய்வதும் இல்லை. 1969ஆம் ஆண்டு சட்டப்படி கடவுள் பெயரிலோ மனசாட்சிப்படியோ வாயால் உறுதி சொன்னால் போதும்.

வில்லன் எப்படி விடுதலையாகிறான்? காசு கொடுத்துத்தானா?

படத்தில் இதற்கு ஒரு நிமிஷம் ஒதுக்குவார்கள். வில்லனின் வக்கீல் ஒரு சிரிப்புச் சிரிப்பார், நீதிபதி 'போதிய ஆதாரம் இல்லாததால்' என்பார், ஹீரோவின் கண் சிவக்கும். எனக்கு இந்த வகைப் படங்களின் மீது இருக்கும் ஒரே மனத்தாங்கல் இதுதான். முழுக் கதையும் அந்த ஒரு நிமிஷத்தின் மேல்தான் நிற்கிறது, அதை மட்டும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

முதலில் ஒரு விஷயம். போலீஸிடம் எதிரி கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. (நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவரை 'எதிரி' என்றுதான் எழுதுவோம்.) லாக்கப்பில் அடித்து 'ஆமாம் நான்தான்' என்று சொல்ல வைத்தாலும் அதற்கு மதிப்பில்லை. அவர் சொல்லிப் புதரிலிருந்து எடுத்த பட்டாக்கத்திக்கு மதிப்புண்டு, அதை எடுத்ததைப் பார்த்ததாக மகஜரில் (கைப்பற்றியதை அங்கேயே எழுதும் பதிவு) கையெழுத்துப் போட்ட சாட்சிகள் கூண்டில் ஏறி அதைச் சொன்னால். ஆக, சுற்றிச் சுற்றிச் சாட்சியிடமே வந்து நிற்கும்.

அந்தச் சாட்சி யார்? வியாசர்பாடியிலோ கண்ணகி நகரிலோ டிபன் கடை வைத்திருப்பவர். கடை வாசலில் வெட்டு விழுந்தபோது இட்லித் தட்டைக் கையில் வைத்திருந்தவர். சம்பவம் நடந்து சில வருஷம் கழித்து சம்மன் வருகிறது. கடையைப் பூட்டிவிட்டுக் காலையில் கோர்ட்டுக்கு வருகிறார். வராந்தாவில் உட்கார இடம் இருக்காது. பத்தடி தள்ளி எதிரியின் ஆட்கள், பாதிப்பேர் அவர் கடையில் சாப்பிட்டவர்கள். அதில் ஒருவன் வந்து 'அண்ணே, டீ சாப்பிடறீங்களா?' என்று கேட்பான். மிரட்டல் அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை பேசமாட்டான். பையன் எந்த ஸ்கூல் என்று விசாரிப்பான், சில நேரம். டவாலி மூன்று முறை பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். உள்ளே போனால் நீதிபதி விடுப்பு, அல்லது எதிரித் தரப்பு வக்கீல் வேறு கோர்ட்டில். வாய்தா. அடுத்த மாதம் மறுபடி கடையைப் பூட்ட வேண்டும், மறுபடி அந்த டீ. இப்படி நாலைந்து முறை ஆனபின் அவர் கூண்டில் ஏறி, 'கூட்டமா இருந்துச்சு, யாருன்னு பாக்கல' என்கிறார். அரசு வக்கீல் எழுந்து, சாட்சியைப் பிறழ் சாட்சியாக, அதாவது முன்பு சொன்னதிலிருந்து மாறிவிட்டவராக, கருத அனுமதி கேட்கிறார். அனுமதி கிடைக்கிறது. எல்லாம் சில நிமிஷத்தில் முடிந்துவிடும்.

சாட்சியை அழைத்த தரப்பு கேட்கும் முதல் விசாரணைக்கும் எதிர்த்தரப்பு கேட்கும் குறுக்கு விசாரணைக்கும் நடுவே விழும் இடைவெளி எவ்வளவு ஆபத்து என்பதற்குப் பஞ்சாபில் ஒரு லஞ்ச வழக்கு உதாரணம். அரசுத் தரப்பு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய ஏறக்குறைய 20 மாதம் கழித்து அழைத்தார்கள், அவர் அதற்குள் மாறிவிட்டார். 2015இல் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகக் கண்டித்தது. சாட்சி வந்திருக்கும் நாளில், சிறப்புக் காரணம் இல்லாமல் அவரை விசாரிக்காமல் ஒத்திவைக்கக்கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. டவாலிக்குக்கூட அது தெரியும்.

பொய் சொன்ன சாட்சியைத் தண்டிக்க முடியாதா?

முடியும். பொய்ச் சாட்சிக்கு ஏழு ஆண்டு வரை சிறை. நடப்பது அபூர்வம், எனக்கு அதில் வருத்தமும் இல்லை. பயந்த டிபன் கடைக்காரரை உள்ளே தள்ளினால் அடுத்த வழக்கில் யாரும் பார்த்ததாகவே சொல்லமாட்டார்கள். சாட்சியை மிரட்டுவதும் தனிக் குற்றம், பி.என்.எஸ். 232. அதை நிரூபிக்க இன்னொரு சாட்சி வேண்டும்! இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிறழ் சாட்சி ஆகிவிட்டாலே அவர் சொன்னது முழுக்கக் குப்பை என்று ஆகாது. அதில் நம்பத்தக்க பகுதியை எடுத்துக்கொண்டு தண்டிக்கலாம். மேற்சொன்ன பஞ்சாப் வழக்கிலும் எதிரியின் தண்டனை நின்றது.

வெளிநாட்டுப் படங்களில் வருவது போல சாட்சிக்குப் பாதுகாப்பு இங்கே உண்டா?

உண்டு. சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம், 2018. அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதற்குச் சட்டத்தின் பலம் கொடுத்தது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனுக் கொடுக்க வேண்டும். உதவி கமிஷனர் நிலை அதிகாரி அச்சுறுத்தலை ஆய்ந்து ஐந்து வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். எதிரியை நேருக்கு நேர் பார்க்காமல் சாட்சி சொல்லும் ஏற்பாடு, கோர்ட்டுக்கு வந்துபோகப் போலீஸ் துணை, போன் எண் மாற்றம், வீட்டில் கேமரா, தேவைப்பட்டால் வேறு இடத்துக்குக் குடிமாற்றம் என்று பட்டியல் நீளம். ஒரு முறைக்கு மூன்று மாதத்துக்கு மேல் போகாது, நீட்டிக்கக் கேட்கலாம். குடும்பத்தோடு வேறு பெயரில் வேறு ஊரில் வாழ வைப்பதும் காகிதத்தில் இருக்கிறது. டிபன் கடையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பது காகிதத்தில் இல்லை.

முகமூடி போட்டுக்கொண்டு போனால் ஹீரோவைப் பிடிக்க முடியாதுதானே?

1985இல் முடியாமல் இருக்கலாம். இப்போது அண்ணா சாலையில் ஒரு சிக்னலைத் தாண்டுவதற்குள் பல கேமராவில் விழுவார். முகம் தெரியாவிட்டாலும் வண்டி தெரியும், நடை தெரியும், போன் எந்தக் கோபுரத்தில் இருந்தது என்று தெரியும். ஆனால் கேமராப் பதிவைச் சாட்சியமாக ஏற்க முறையான சான்றிதழ் இணைக்க வேண்டும், அதைக் கோட்டை விட்டால் தெளிவான வீடியோவும் பயன்படாமல் போகலாம். ஹீரோ சாதகமாக எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரே ஓட்டை அதுதான். அதை எந்த இயக்குநரும் பயன்படுத்தவில்லை, இலவசமாகத் தருகிறேன்.

நிஜ ரவுடியின் கதையை எடுக்கலாமா? குடும்பத்திடம் அனுமதி வேண்டுமா?

இதற்கு வழிகாட்டியே சென்னை வழக்குதான். 1980களின் கடைசியில் திருவான்மியூர் பகுதியில் நடந்த கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் எழுதிய சுயசரிதையை நக்கீரன் வெளியிட முயன்றது, அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். 1994இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: நீதிமன்ற ஆவணம் உட்பட பொது ஆவணங்களில் இருப்பதை அனுமதியில்லாமல் வெளியிடலாம், அதைத் தாண்டி ஒருவரின் சொந்த வாழ்க்கைக்குள் போனால் அந்தரங்க உரிமைப் பிரச்சினை வரும், அதற்கு நஷ்ட ஈடு கேட்கலாம். அதனால் தீர்ப்புப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். 'கற்பனையே' என்று முதலில் ஒரு அட்டை போட்டுவிட்டால் எல்லாம் சரி என்று நினைக்காதீர்கள். நெற்றித் தழும்பு, தெருப் பெயர், செத்த தேதி எல்லாம் அப்படியே வைத்துப் பெயரை மட்டும் மாற்றினால் அந்த அட்டை நிற்காது.

சென்சாரில் பிரச்சினை வருமா?

வன்முறையை நியாயப்படுத்தக்கூடாது என்று வழிகாட்டு விதி இருக்கிறது. அதனால்தான் ஹீரோ கடைசி ரீலில் கையை நீட்டி விலங்கு வாங்கிக்கொள்கிறார், இல்லையென்றால் இறந்துபோகிறார். 2023 திருத்தத்துக்கு அப்புறம் யு/ஏ சான்றிதழிலேயே 7, 13, 16 வயது என்று மூன்று படி வந்துவிட்டது. வெட்டுக் காட்சியின் ரத்தம் எவ்வளவு என்பதுதான் பெரும்பாலும் பேரம்.

எப்போது பார்த்தாலும் தாதா என்றால் காசிமேடு, ராயபுரம், புளியந்தோப்பு. நியாயமா?

இல்லை. லொக்கேஷன் அழகாக இருக்கிறது என்பது மட்டுமே காரணம். 'நாயகன்' படத்துக்குத் தாராவியையே சென்னை ஸ்டுடியோவுக்குள் கட்டியவர்கள் நாம். ஒரு தாதாவை அண்ணா நகர் அடுக்குமாடியில் வைத்துக் கதை யோசிப்பது அதைவிடக் கஷ்டமில்லை. நான் பார்த்த வரையில் நில விவகாரக் கட்டப்பஞ்சாயத்துகள் நடப்பது ஏசி ஓட்டல் அறைகளில். அங்கே அரிவாள் வருவதில்லை, பத்திரம்தான் வரும்.

படத்தை விடுங்கள். நான் ஒரு வெட்டுச் சம்பவத்தைப் பார்த்தேன், சாட்சியாகப் போட்டிருக்கிறார்கள். என்ன செய்ய வேண்டும்?

நீங்கள் பெண்ணாகவோ, 15 வயதுக்குக் கீழோ, 60 வயதுக்கு மேலோ, உடல்நிலை சரியில்லாதவராகவோ இருந்தால் விசாரணைக்கு ஸ்டேஷனுக்குப் போகத் தேவையில்லை, போலீஸ்தான் வீட்டுக்கு வர வேண்டும். போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. போடச் சொன்னால், அவசியமில்லை என்று சொல்லலாம். மாஜிஸ்திரேட் முன் கொடுக்கும் வாக்குமூலம் வேறு, அதில் கையெழுத்து உண்டு, எடை அதிகம். பார்த்தது எவ்வளவோ அவ்வளவே சொல்லுங்கள். முகம் பார்க்கவில்லை, சட்டை நிறம்தான் தெரியும் என்றால் அப்படியே சொல்லுங்கள். முதலில் கூட்டிச் சொன்னதுதான் குறுக்கு விசாரணையில் உங்களைக் கவிழ்க்கும்.

மிரட்டல் வந்தால், டீ வாங்கித் தருகிறேன் என்ற வகை மிரட்டலாக இருந்தாலும், தேதி, நேரம், ஆள் அடையாளம் எழுதி அரசு வக்கீலிடம் கொடுங்கள். பாதுகாப்பு மனுவுக்கு அதுதான் அடிப்படை. விசாரணை நாளில் சம்மன் பிரதியையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு வந்து, வராந்தாவில் நிற்காமல் நேராக அரசு வக்கீல் அறைக்குப் போய்விடுங்கள். கோர்ட் போலீஸ்காரரிடம் வந்திருப்பதாகப் பதிவு செய்யுங்கள். வாய்தா போட்டால் அடுத்த தேதியை பென்ச் கிளார்க்கிடம் எழுதி வாங்குங்கள். சாட்சிக்கு வந்துபோகும் செலவுக்குப் படி உண்டு, கேட்டால்தான் கிடைக்கும்.